கெர்னல் பிழைதீர்ப்பில் பக்க அட்டவணை

கணினியின் இயங்குதளத்துக்கு உட்கருவாக இருப்பது கெர்னல். அது தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு நிலைகுலையும்போது, தொட்ட முகவரிக்கு உரிய பக்க அட்டவணை வரிகளைப் படித்துக் காரணம் காணும் முறையே பக்க அட்டவணை ஆய்வு. நிரல்கள் பயன்படுத்துவது மெய்நிகர் முகவரி. நினைவகச் சில்லு அறிந்தது பௌதிக முகவரி. முன்னது பின்னதில் எங்கே போய் உட்கார்கிறது, அங்கே எழுதலாமா, படிக்க மட்டுமா, பயனர் நிரல் உள்ளே வரலாமா என்பதெல்லாம் இந்த அட்டவணையில் பதிவாகியிருக்கும். கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் அடங்கலைப் போல, எந்தப் புல எண் யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதோடு அதில் இப்போது பயிர் இருக்கிறதா என்பதையும் இது சொல்லிவிடும். சிபியு இதன்படியே நடக்கிறது. அதனால், நிரலை எழுதியவர் என்ன நினைத்து எழுதினார் என்பதை ஒதுக்கிவிட்டு வன்பொருள் என்ன கண்டது என்று கேட்க வேண்டிய நேரத்தில் வல்லுநர்கள் இங்கேதான் வருகிறார்கள்.

அட்டவணை பிறந்தது பிழை பிடிப்பதற்காக அல்ல. சிறிய நினைவகத்தைப் பெரிதாகக் காட்டுவதற்காக. அதைச் சாட்சியாகப் படிக்கத் தொடங்கியது பிந்தைய வழக்கம். பின்னர் அதையே கண்ணியாக விரித்தார்கள். கடைசியில் சாட்சி மீதே ஐயம் வந்தது.

ஒரு முகவரியைப் பிரித்துப் பார்த்தல்

எம்ஐடி கல்வி நிறுவனத்தில் இயங்குதளப் பாடத்துக்காக 2006இல் எழுதப்பட்ட எக்ஸ்வி6 என்ற சிறு கெர்னலின் 32 பிட் வடிவம் இதை விளக்க ஏற்றது. பதினாறடி எண்ணில் 80000000 என்ற முகவரிக்கு மேலே கெர்னல் குடியிருக்கிறது. அங்கே 80101234 என்ற முகவரியை எடுத்துக்கொள்வோம். இதன் 32 பிட்களைச் சிபியு 10, 10, 12 என்று மூன்றாக வெட்டும். முதல் பத்து பிட்கள் தசம எண்ணில் தருவது 512. அடுத்த பத்து 257. மீதிப் பன்னிரண்டு 564.

சிஆர்3 என்ற பதிவகம் பக்கக் கோப்பகம் தொடங்கும் இடத்தைக் காட்டுகிறது. அதில் 512 என்ற எண்ணுள்ள வரி ஒரு பக்க அட்டவணையைக் காட்டுகிறது. அந்த அட்டவணையில் 257ஆம் வரியில் 00101021 என்று இருக்கிறது என்போம். முதல் ஐந்து இலக்கங்கள் பௌதிகச் சட்டகத்தின் எண். கடைசி மூன்று இலக்கங்கள் கொடிகள். 021 என்றால் ‘பக்கம் இருக்கிறது’, ‘தொடப்பட்டிருக்கிறது’ என்ற இரண்டு பிட்கள் மட்டும் ஏற்றப்பட்டுள்ளன என்று பொருள். எழுத அனுமதி இல்லை. பயனர் நிரலுக்கும் அனுமதி இல்லை. ஆக, தேடிய இடம் பௌதிக முகவரி 00101234. அங்கே இருப்பது கெர்னலின் நிரல் பகுதி.

இந்த இடத்தில் கெர்னலே எழுத முயன்றால் 14ஆம் எண் குறுக்கீடான பக்கப் பிழை எழும். தொட்ட முகவரி சிஆர்2 பதிவகத்தில் விழும். கூடவே ஒரு பிழைக்குறி வரும். அது 3 என்றால் பக்கம் இருக்கிறது, எழுத முயன்றதுதான் தவறு. 2 என்றால் பக்கமே இல்லை. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் நிரலை வரிவரியாகப் படிக்கத் தொடங்கினால் வீண் அலைச்சல். முதலாவது, நல்ல சுட்டி தவறான இடத்தில் எழுதப் போன கதை. இரண்டாவது பெரும்பாலும் கெட்டுப்போன சுட்டி.

இதில் ஒரு பழைய குறை உண்டு. இன்டலின் 386 சிப்பில், கெர்னல் நிலையில் ஓடும் நிரல் ‘படிக்க மட்டும்’ என்ற தடையை மதிக்காது, பேசாமல் எழுதிவிடும். 486இல்தான் இதைத் தடுக்கும் பிட் வந்தது. அதனால் லினக்ஸ் வெகுகாலம், கணினி துவங்கும்போதே படிக்க மட்டுமான ஒரு பக்கத்தில் வேண்டுமென்றே எழுதிப் பார்த்து, சிபியு தடையை மதிக்கிறதா என்று சோதித்துக்கொண்டது. 2012 டிசம்பரில் 386 ஆதரவு கைவிடப்பட்டது.

தோற்றம்

நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரிக்கும் எண்ணம் 1956இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஃப்ரிட்ஸ்-ருடால்ஃப் குன்ட்ஷ் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டிலேயே காணப்படுகிறது. இயங்கும் இயந்திரமாக அதைக் கொண்டுவந்தது மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் ஃபெரான்டி நிறுவனமும் சேர்ந்து 1962 டிசம்பரில் இயக்கிவைத்த அட்லஸ் கணினி. டாம் கில்பர்ன் தலைமையிலான குழு 16,384 சொற்கள் கொண்ட காந்த வளைய நினைவகத்தை 512 சொல் பக்கங்களாக்கியது. மொத்தம் 32 பக்கங்கள். பக்கத்துக்கு ஒரு முகவரிப் பதிவகம். இன்றைய பொருளில் அட்டவணை என்று நினைவகத்தில் எதுவும் இல்லை. 32 பதிவகங்களே அட்டவணை. நினைவகம் பெருகப் பெருக இது கட்டுப்படியாகாது என்பதால், அட்டவணை நினைவகத்துக்குள்ளேயே குடிபோனது. சாதாரணத் தரவைப் போல அதையும் படிக்கலாம், அச்சிடலாம், கெடுக்கவும் செய்யலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

1960களின் பிற்பகுதியில் ஐபிஎம்மின் 360 வரிசையில் 67ஆம் மாதிரி முகவரி மாற்றும் வன்பொருளோடு வந்தது. அதன் மேல் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தார் எழுதிய சிபி-67, ஒரே இயந்திரத்தைப் பல மெய்நிகர் இயந்திரங்களாகக் காட்டியது. உள்ளே ஓடும் இயங்குதளமும் பக்க அட்டவணை வைத்திருந்தால், அதற்கு இணையாக இன்னொரு நிழல் அட்டவணையை வெளியிலிருந்து பராமரிக்க வேண்டியிருந்தது. பிழைதீர்ப்போருக்கு இது பெரிய வரம். நோய் கண்ட கெர்னலை அதன் காலடியில் நின்று பார்க்காமல், வெளியே பத்திரமாக உட்கார்ந்து பார்க்க வழி பிறந்தது. இன்று க்யூஎமு போன்ற பாவிப்பிகளில் ஓடும் கெர்னலை நிறுத்திவைத்து அட்டவணையைக் கொட்டச் சொல்கிறோமே, அந்த வழக்கத்தின் வேர் இங்கே.

அட்டவணை வரியைக் கண்ணியாக வைக்கும் உத்தி வேறொரு நெருக்கடியில் பிறந்தது. டிஈசி நிறுவனம் 1977இல் வெளியிட்ட வாக்ஸ் கணினியின் அட்டவணை வரியில், ஒரு பக்கம் அண்மையில் தொடப்பட்டதா என்று சொல்லும் பிட் கிடையாது. எந்தப் பக்கத்தை வட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவுசெய்ய அந்தத் தகவல் வேண்டும். பெர்க்லியில் 1979இல் 3பிஎஸ்டி யூனிக்ஸை உருவாக்கிய ஓசல்ப் பாபாவ்லுவும் பில் ஜாயும் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். நினைவகத்தில் நலமாக இருக்கும் பக்கத்தையே ‘இல்லை’ என்று அட்டவணையில் குறித்துவைப்பது. யாராவது தொட்டால் பக்கப் பிழை எழும். ஆகா, இது பயன்பாட்டில் உள்ள பக்கம் என்று தெரிந்துகொண்டு வரியைத் திரும்பச் சரிசெய்வது. அட்டவணையில் ஒரு பொய் சொல்லி உண்மையை வரவழைக்கும் இந்த உத்தியே, பின்னால் வந்த நினைவகப் பிழைக் கருவிகள் பலவற்றின் மூலம்.

386உம் ஊப்ஸும்

1985இல் வந்த 386, நான்கு கிலோபைட் பக்கங்களையும் இரண்டடுக்கு அட்டவணையையும் மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. ஒரு வரிக்கு 4 பைட், அட்டவணைக்கு 1,024 வரிகள். எனவே அட்டவணையே சரியாக ஒரு பக்கத்தில் அடங்கும். இந்தக் கச்சிதம் தற்செயல் இல்லை. மெய்நிகர் நினைவகம் என்பது பெருங்கணினிக் கூடங்களின் சொத்தாக இருந்த நிலை இதோடு முடிந்தது; லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதியதும் இதே சிப்பின் மேல்தான்.

கெர்னலுக்குள் தவறான முகவரி தொடப்பட்டால் லினக்ஸ் திரையில் கொட்டும் அறிக்கைக்கு ஊப்ஸ் என்று பெயர். பதிவகங்கள், அழைப்புச் சங்கிலி, பிழைக்குறி ஆகியவற்றோடு, அந்த முகவரிக்கு உரிய கோப்பக வரியையும் பழைய 32 பிட் ஊப்ஸ் அச்சிடும். பெரும்பாலான புதியவர்கள் தாண்டிப்போகும் வரி அது. எட்டுச் சுழிகள் இருந்தால் அந்த நான்கு மெகாபைட் பரப்புக்கே அட்டவணை இல்லை. கோப்பக வரி சரியாக இருந்து கடைசி வரி மட்டும் சுழியானால், ஒரு காலத்தில் அக்கம்பக்கத்தில் ஏதோ குடியிருந்திருக்கிறது; விடுவிக்கப்பட்ட நினைவகத்தை யாரோ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கலாம். 64 பிட் ஊப்ஸில் நான்கடுக்கு வரிகளும் வரிசையாக வருகின்றன. ஐந்தாம் அடுக்குக்கான ஆதரவு 2017இல் சேர்ந்தது. 48 பிட் முகவரி அதனால் 57 பிட் ஆனது.

எந்த அட்டவணையைப் பார்க்கிறோம் என்பதிலும் ஏமாறலாம். ஒவ்வொரு புராசஸுக்கும் தனித்தனி மேலடுக்கு அட்டவணை உண்டு. கெர்னல் பகுதி எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் கெர்னல் புதிதாக ஒரு பரப்பை இணைத்தால், பழைய லினக்ஸ் அதை மூல அட்டவணையில் மட்டும் எழுதிவிட்டு, மற்றவை தொட்டுப் பிழை எழும்போது நகலெடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும். எனவே ஒரே முகவரி ஒரு புராசஸில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. இரண்டும் சரியே.

தன்னைத்தானே காட்டும் வரி

அட்டவணைகள் பௌதிக முகவரியால் இணைக்கப்பட்டவை; கெர்னலோ மெய்நிகர் முகவரியில்தான் பேச முடியும். அப்படியானால் அட்டவணையைக் கெர்னல் எப்படிப் படிப்பது? மேலடுக்கில் ஒரு வரியை அந்த மேலடுக்கின் முகவரியையே காட்டும்படி வைத்துவிட்டால் போதும். சிபியு ஒரு சுற்று வீணாகச் சுற்றி, கடைசியில் தரவுப் பக்கத்துக்குப் பதிலாக அட்டவணைப் பக்கத்தில் போய் நிற்கும். எல்லா அட்டவணைகளும் ஒரு தொடர்ச்சியான பரப்பாக முகவரி வெளியில் தோன்றிவிடும். விண்டோஸ் என்டி 1993இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இந்த ஏற்பாட்டில் இயங்கியது. விண்டோஸின் டீபக்கரில் ஒரு முகவரிக்கு உரிய அட்டவணை வரிகளைக் கேட்டால் நொடியில் கிடைப்பதும் இதனால்தான்: வரியின் இருப்பிடம் ஒரு பெருக்கல், ஒரு கூட்டலில் வந்துவிடும்.

வசதி யாருக்கும் பாரபட்சம் பார்ப்பதில்லை. 64 பிட் விண்டோஸில் மேலடுக்கின் 512 வரிகளில் 493 என்ற எண்ணுள்ள வரியே எப்போதும் தன்னைக் காட்டும் வரியாக இருந்தது. கெர்னலில் ஏதோ ஒரு இடத்தில் எழுதும் ஓட்டை கிடைத்த தாக்குநருக்கு, அடுத்து எங்கே எழுத வேண்டும் என்று தேடவே வேண்டாம். 2016இல் வந்த விண்டோஸ் 10இன் 1607 பதிப்பில் இந்த இடம் ஒவ்வொரு துவக்கத்திலும் மாறும்படி ஆக்கப்பட்டது.

உயிர் போன பின் உடற்கூறு

உற்பத்திச் சூழலில் கெர்னல் விழுந்தால் உட்கார்ந்து ஆராய நேரம் தரமாட்டார்கள். நினைவகத்தை அப்படியே கோப்பாக எடுத்துவைத்துவிட்டு இயந்திரத்தைத் திரும்ப ஏற்ற வேண்டும். லினக்ஸில் 2005 முதல் உள்ள கேடம்ப் ஏற்பாடு, விழுந்த கெர்னலை நம்பாமல், முன்கூட்டியே ஒதுக்கிவைத்த இடத்தில் இரண்டாவது கெர்னலை எழுப்பி அதன் வழியாக முதலாவதின் நினைவகத்தைச் சேமிக்கிறது. இந்தக் கோப்பைப் படிக்க ரெட் ஹாட்டின் டேவ் ஆண்டர்சன் பல்லாண்டுகள் பராமரித்த கிராஷ் என்ற கருவி பயன்படுகிறது. பழைய சிஸ்டம் வி யூனிக்ஸின் அதே பெயர் கொண்ட கட்டளையைத் தழுவியது. இதில் விடாப் என்று கட்டளையிட்டு ஒரு மெய்நிகர் முகவரியைக் கொடுத்தால், ஒவ்வொரு அடுக்கின் வரியையும், கடைசியில் பௌதிக முகவரியையும், கொடிகளுக்கு உரிய பெயர்களையும் காட்டும். கோப்பில் இருப்பது பௌதிக நினைவகம் மட்டுமே என்பதால், இறந்த கெர்னலின் அட்டவணையைக் கருவி தானே நடந்து போய்ப் படித்தாக வேண்டும். அட்டவணை கெட்டிருந்தால் மற்ற எதையும் நம்ப முடியாது. அனுபவசாலிகள் விடாப்பில் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

கண்ணி வைத்தல்

நினைவகப் பிழைகளில் மோசமானவை உடனே விழாதவை. விடுவித்த இடத்தில் ஒருவர் எழுதுவார். அரை மணி நேரம் கழித்துச் சம்பந்தமே இல்லாத வேறொருவர் விழுவார். 3பிஎஸ்டியின் பொய் இங்கே கைகொடுத்தது. விடுவிக்கப்பட்ட பக்கத்தை அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டால், குற்றவாளி தொட்ட கணமே பிடிபடுவான். லினக்ஸில் இதற்கான பிழைதீர்ப்பு அமைப்பும், விண்டோஸ் 2000 முதல் டிரைவர் வெரிஃபையரில் உள்ள தனிக் குளமும் இந்த வகை.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது வேகார்ட் நோசும் எழுதிய கேமெம்செக். 2009இல் லினக்ஸில் சேர்ந்தது. கண்காணிக்கும் பக்கங்கள் எல்லாவற்றையும் மறைத்துவைக்கும், தொட்டால் பிழை, பக்கத்தைக் காட்டி ஒரே ஒரு கட்டளையை மட்டும் ஓடவிட்டு மறுபடி மறைக்கும். துவக்கப்படாத நினைவகத்தைப் படிப்போரைத் துல்லியமாகப் பிடித்தது. ஆனால் ஆமை வேகம், அதுவும் ஒரே சிபியுவில்தான். நிரல்தொகுப்பியின் துணையோடு இயங்கும் கேஏசான் 2015இல் வந்த பிறகு இதற்கு வேலை குறைந்தது. 2017 இறுதியில் நீக்கப்பட்டது.

அட்டவணை வழி அத்தோடு முடியவில்லை. கெர்னலின் ஸ்டாக் எனப்படும் அடுக்குகளின் ஓரத்தில் காவல் பக்கம் வைக்கும் மாற்றத்தை ஆண்டி லூடோமிர்ஸ்கி 2016இல் கொண்டுவந்தார். அதுவரை ஸ்டாக் நிரம்பி வழிந்தால் பக்கத்து நினைவகம் சத்தமில்லாமல் கெடும். 2021இல் கூகுளின் அலெக்சாண்டர் போடபென்கோவும் மார்கோ எல்வரும் சேர்த்த கேஃபென்ஸ், எல்லாவற்றையும் கண்காணிக்கும் ஆசையையே விட்டுவிட்டது. 255 பொருள்களுக்கு மட்டும் இடம். ஒவ்வொன்றின் இருபுறமும் காவல் பக்கம். மொத்தம் 2 மெகாபைட். 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஒரு ஒதுக்கீட்டை இங்கே திருப்பிவிடும். ஒரு இயந்திரத்தில் இது அபூர்வமாகவே எதையாவது பிடிக்கும். ஆயிரக்கணக்கான இயந்திரங்களில் நிஜமான வேலை நடக்கும்போதே ஓடவிட்டால், ஆய்வகத்தில் தலைகாட்டாத பிழைகள் வந்து விழும். கேமெம்செக்கைவிட நேர்மையான கணக்கு இது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

முழு அட்டவணையையும் ஒரே பார்வையில் காணும் வசதி வியப்பூட்டும் அளவு தாமதமாக வந்தது. இன்டலின் ஆர்யன் வான் டி வென் 2008இல் எழுதிய சிறு கோப்பு, கெர்னலின் எந்தப் பரப்பில் எழுதலாம், எதில் நிரல் ஓடலாம் என்பதை வரிவரியாகக் கொட்டியது. பார்த்த பிறகுதான், எழுதவும் ஓடவும் இரண்டுமே அனுமதிக்கப்பட்ட பரப்புகள் எத்தனை கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன என்று தெரிந்தது. அப்படி ஒன்று இருந்தால் துவக்கத்தின்போதே எச்சரிக்கும் சோதனை 2015இல் சேர்க்கப்பட்டது.

சாட்சி மீதே ஐயம்

அட்டவணை நினைவகத்தில் இருக்கிறது. சிபியு ஒவ்வொரு முறையும் அதைப் படிப்பதில்லை. அண்மையில் பார்த்த வரிகளை டிஎல்பி என்ற தன் சிறு தற்காலிகக் கிடங்கில் வைத்துக்கொள்கிறது. அட்டவணையை மாற்றிய கெர்னல், எல்லாச் சிபியுக்களின் கிடங்கையும் துடைக்கச் சொல்ல வேண்டும். பிந்தினால், நினைவகத்தில் உள்ள வரி ஒன்று சொல்ல, வன்பொருள் வேறொன்றின்படி நடக்கும். கூகுள் புராஜெக்ட் ஜீரோவின் ஜான் ஹார்ன் 2018இல் வெளியிட்ட லினக்ஸ் ஓட்டை இத்தகையது. நினைவகப் பரப்பை இடம்மாற்றும்போது கெர்னல் பூட்டை முதலில் திறந்துவிட்டு, கிடங்கைப் பிறகு துடைத்தது. அந்த இடைவெளியில் பக்கம் விடுவிக்கப்பட்டு வேறொருவருக்குப் போய்விடலாம். எந்தக் கணத்தில் நிறுத்திப் பார்த்தாலும் அட்டவணையில் குற்றம் இராது.

வன்பொருளும் அட்டவணையில் எழுதும் என்பதால் அதுவும் தவறிழைக்கும். ஏஎம்டி 2007 செப்டம்பரில் வெளியிட்ட பார்சலோனா சிப்பில், தொடப்பட்டது அல்லது எழுதப்பட்டது என்ற பிட்டைச் சிபியு ஏற்றும் அதே கணத்தில், அந்த வரி இரண்டாம் நிலைக் கேஷிலிருந்து மூன்றாம் நிலைக்கு வெளியேற்றப்பட்டால், ஒரே வரிக்கு முரண்பட்ட இரண்டு நகல்கள் உண்டாகலாம். 298ஆம் எண் பிழை என்று பதிவான இதற்கு பயாஸ் வழியே போட்ட கட்டு வேகத்தைக் கணிசமாகக் குறைத்தது. மறு ஆண்டு திருத்திய சிப்கள் வந்தன. இன்டலின் நைட்ஸ் லேண்டிங் சிப், ‘இல்லை’ என்று குறிக்கப்பட்ட வரிகளிலும் சில நேரம் அதே பிட்களை ஏற்றியது. லினக்ஸ் அத்தகைய வரிகளில் வட்டு இருப்பிடத்தைக் குறித்துவைப்பது வழக்கம் என்பதால், 2016இல் அந்த பிட்களைத் தொடாதபடி வடிவத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

இவை போக, நினைவகச் சில்லின் கோளாறு உண்டு. லினக்ஸ் 2009 முதல், கெட்ட வரி கண்டால் அதன் முழு மதிப்பையும் அச்சிடுகிறது. சுழியாக இருக்க வேண்டிய வரியில் ஒரே ஒரு பிட் மட்டும் ஏறியிருந்தால், நிரலை விட்டுவிட்டு ரேம் அட்டையைச் சோதிக்கச் சொல்வார்கள். 2015 மார்ச்சில் மார்க் சீபோர்னும் தாமஸ் டல்லியனும் இதே கோளாறை ஆயுதமாக்கிக் காட்டினர். நினைவக வரிசைகளை இடைவிடாமல் தட்டி அண்டை வரிசையில் பிட் புரளச் செய்து, புரளும் இடத்தில் பக்க அட்டவணை இருக்கும்படி நினைவகத்தை அட்டவணைகளால் நிரப்பினர். சாதாரணப் பயனர் நிரல் தன் அட்டவணையைத் தானே எழுதும் உரிமை பெற்றது. இதையடுத்து, பௌதிக முகவரியைக் காட்டும் லினக்ஸ் கோப்பு அதே ஆண்டில் சாதாரணப் பயனர்களுக்கு மூடப்பட்டது. பிழை தேடுவோர் பயன்படுத்திய சன்னல் அது.

2018க்குப் பின்

2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன் என்ற ஓட்டை, ‘பயனருக்கு இல்லை’ என்ற கொடியை, கட்டளைகளை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும் ஊக ஓட்டத்தில் மதிக்காத சிப்களை அம்பலப்படுத்தியது. கொடியை நம்ப முடியாதபோது வரியையே வைக்கக் கூடாது. பயனர் நிரல் ஓடும்போது கெர்னல் பகுதி ஏறத்தாழ இல்லாத இன்னொரு அட்டவணையைப் பயன்படுத்தும் முறை வந்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் முந்தைய ஆண்டு முன்வைத்திருந்த வழி அது.

அவசரத் திருத்தம் ஒன்று அப்போது செய்த பிழை, ஒற்றை பிட்டின் பெறுமதிக்குச் சரியான சான்று. 64 பிட் விண்டோஸ் 7க்கான ஜனவரித் திருத்தத்தில், தன்னைத்தானே காட்டும் 493ஆம் வரியில் பயனர் அனுமதி பிட் ஏறிவிட்டது. விளைவாக எல்லாப் பக்க அட்டவணைகளும் எந்த நிரலுக்கும் படிக்கவும் எழுதவும் திறந்துகிடந்தன. மெல்ட்டவுன் சொட்டுச் சொட்டாகக் கசியவிட்டதை இது அணையைத் திறந்துவிட்டாற்போல் தந்தது. உல்ஃப் ஃப்ரிஸ்க் என்ற ஆய்வாளர் மார்ச்சில் இதை வெளியிட்டார். விண்டோஸ் 10இல் அந்த இடம் மாறிக்கொண்டே இருந்ததோடு இந்தப் பிழையும் அங்கே நுழையவில்லை. மார்ச் இறுதியில் தனித் திருத்தம் வந்தது.

ஏஎம்டியின் எஸ்இவி-எஸ்என்பி போன்ற மறைகாப்புக் கணிமை ஏற்பாடுகளில் பக்க அட்டவணைக்கு அப்பால் இன்னொரு பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு பௌதிகப் பக்கமும் எந்த மெய்நிகர் இயந்திரத்துக்குச் சொந்தம் என்று அதில் எழுதியிருக்கும். மேலாளும் கெர்னல் விருந்தினரின் பக்கத்தில் எழுதினால், அடுக்கடுக்காக எல்லா அட்டவணை வரிகளும் சரியாக இருந்தும் பக்கப் பிழை எழும். பிழைக்குறியில் 31ஆம் பிட் ஏறியிருப்பதே அடையாளம். அந்தப் பிட்டைக் கண்டால் உரிய பதிவேட்டு வரியையும் தேடி அச்சிடும் பகுதி 2024இல் வந்த லினக்ஸ் 6.9 பதிப்பில் சேர்க்கப்பட்டுள்ளது.